ப்ராசசர் மாற்ற வேண்டியதில்லை

மார்க்கர் போட வந்த புது ஆள், வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாளே என் முன்னால் வந்து நின்று, "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க. ப்ராசசர் பழசு. மாத்தினாத்தானுங்க வேலை ஆகும்" என்றார். நான் உடனே சரி என்றேன். நான் வெட்கப்பட வேண்டிய இடங்கள் இதில் பல உண்டு. முதல் இடம் அந்தச் 'சரி'.

அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அபிராமியும் இதையேதான் சொன்னாள். ஒரு நாள் இரண்டு நாளில்லை, மூன்று மாதம் சொன்னாள். அவளுக்கு நான் கொடுத்த பதில் வேறு.

என் பெயர் குகன். ராயபுரத்தில் நாற்பது பேர் வேலை செய்கிற சின்ன பனியன் கம்பெனி. அப்பா காலத்தில் தறி ஓடிய இடத்தில் என் காலத்தில் தையல் மெஷின் ஓடுகிறது. நல்ல மனுசன் என்றுதான் ஊரில் பெயர், கோபம் மட்டும் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி என் மனைவி கலைமகள் சமாளிப்பாள். இரண்டாயிரத்து ஒன்பது பங்குனி வரைக்கும் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

மார்க்கர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு டீ-சர்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப் பட்டி. இவற்றைத் துணியின் அகலத்துக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். எப்படி அடுக்கினால் துணி குறைவாகச் செலவாகும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தப் படத்தைப் பெரிய தாளில் எடுத்துத் துணியின் மேல் விரித்துத்தான் கட்டிங் மாஸ்டர் மாரப்பன் கத்தி வைப்பார். மார்க்கர் வராவிட்டால் கத்தி ஓடாது, கத்தி ஓடாவிட்டால் நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த சாப்ட்வேருக்கு ஒரு டாங்கிள் உண்டு. கட்டைவிரல் அளவு இருக்கும். அதை லேப்டாப்பில் செருகினால்தான் புரோகிராம் திறக்கும். தொலைந்துபோனால் சாப்ட்வேரையே மறுபடி வாங்க வேண்டும், அதன் விலை லேப்டாப்பைவிட அதிகம். என்னிடம் இருந்தால் எங்கே வைத்தேன் என்று நானே தேடுவேன் என்பதால், "நீயே பத்திரமா வச்சுக்க கண்ணு" என்று அபிராமியிடம் கொடுத்திருந்தேன். சாயங்காலம் அதைக் கழற்றி, கோடு போட்ட ஒரு கர்ச்சீப்பில் சுற்றி, பர்சுக்குள் வைத்துக்கொண்டு பெருமாநல்லூர் பஸ் ஏறுவாள். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அதை மறந்துவிட்டு வந்ததில்லை.

அவள் அப்பா அம்மா சங்கரன்கோவில் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். அப்பா இல்லை. அம்மா முத்துப்பேச்சி ஒரு கம்பெனியில் செக்கிங். தான் வாங்குகிற வாரக் கூலியிலேயே மகளைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பி மார்க்கர் படிக்க வைத்திருந்தாள். ஒரு மார்க்கரைப் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுப்பாள் அபிராமி. மாரப்பனே, "இந்தப் புள்ள கை ராசிங்க" என்பார்.

அந்தப் பத்து நிமிஷம் ஒரு கட்டத்தில் இருபதானது. பிறகு முக்கால் மணி நேரமானது. "சார், சிஸ்டம் ரொம்ப ஸ்லோவாயிருச்சு" என்றாள். "அடியில கை வைக்க முடியல, அவ்வளவு சூடா இருக்கு. ப்ராசசருக்கு ஆகாது. உள்ள ஃபேன் வேற சத்தம் போடுது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாமா சார்?" இன்னொரு நாள், "பழையபடி கண்ணாடி ரூம்லயே வச்சுக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"உனக்கு ஏசி கேக்குதா?" என்றேன்.

முன்பு லேப்டாப் என் கண்ணாடி அறையில்தான் இருந்தது. ஐப்பசி மாதம் வெளிநாட்டு பையர் வந்தபோது அறை துப்புரவாக இருக்கட்டும் என்று அதைத் தூக்கி கட்டிங் டேபிளில் வைக்கச் சொன்னவன் நான். பையர் போன பிறகும் அது திரும்பி வரவில்லை. டேபிளில் துணி அடுக்குக்குப் பக்கத்தில், பல நாள் துணியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஓடியது.

பங்குனியில் ஒரு நாள். நேவி ப்ளூ ஸ்கூல் ஆர்டர், கப்பல் தேதி நெருங்கிவிட்டது. காலை பத்து மணிக்குப் போட ஆரம்பித்த மார்க்கர் பதினொன்றே கால் ஆகியும் வரவில்லை. மாரப்பன் கத்தியை வைத்துக்கொண்டு நிற்கிறார். தையல் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மண்டைக்கு ஏறியது.

"என்ன பண்ணிட்டு இருக்கறே?"

"சிஸ்டம் நின்னு நின்னு ஓடுது சார். நான் என்ன செய்ய?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போன வருசம் இதே சிஸ்டத்துல பத்து நிமிசத்துல வந்துச்சல்லோ? அதெப்படி இப்ப வராது?" அதோடு விட்டிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "எனக்கொண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதே. டாங்கிள் தெனமும் உங்கூடத்தான் ஊட்டுக்கு வருது. எந்தக் கம்பெனிக்கு மார்க்கர் போட்டுக் குடுக்கறே? அந்த வேலையையும் இங்கதான் ஓட்டறயா?"

எங்கள் தொழிலில் ஒரு மார்க்கர் ஆளைப் பார்த்து இதற்கு மேல் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. பேட்டர்னும் அளவும் கம்பெனியின் ரகசியம். அதை வெளியே விற்கிறாள் என்று நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டேன், கையில் ஒரு சான்றும் இல்லாமல்.

அபிராமி அழவில்லை. ஓடிக்கொண்டிருந்த மார்க்கர் முடிகிற வரைக்கும், இன்னும் இருபது நிமிஷம், அப்படியே உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் தாளை எடுத்து மாரப்பனிடம் கொடுத்தாள். டாங்கிளைக் கழற்றி அதே கர்ச்சீப்பில் சுற்றி டேபிளில் வைத்தாள். "வாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கர்ச்சீப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

புது ஆளுக்குச் 'சரி' சொன்னது இரண்டு மாதம் கழித்து, வைகாசியில். அதுவரைக்கும் மார்க்கரை வெளியே காசு கொடுத்துப் போட்டு வாங்கித்தான் சமாளித்தோம். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சீனிச்சாமியின் கடைக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரே ஒரு அறை, அறை முழுக்கத் திறந்து போட்ட கம்ப்யூட்டர்கள். இதில் இருக்கிற ப்ராசசர் செலரான், இதையே கழற்றிவிட்டு இன்னும் வேகமான கோர் டூ டுவோ போடலாம், பழசாக ஒன்று கோயமுத்தூரிலிருந்து வரவழைக்கிறேன் என்றார். சாப்ட்வேரை ஓட்டிப் பார்க்க வேண்டும், டாங்கிளும் வேண்டும் என்றார். கர்ச்சீப்போடு எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாளே போன். "ஏனுங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? நேர்ல பாருங்க."

போனேன். லேப்டாப் அக்கக்காகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு செய்தித்தாள் துண்டு, அதன் மேல் விரல் நீளத்துக்குப் பஞ்சுத் திண்டு ஒன்று. கம்பளி போல இறுகியிருந்தது.

"இது என்னுங்க?"

"உங்க லேப்டாப்புக்குள்ள இருந்துச்சுங்க. ஃபேன் காத்து வெளிய போற வழியில அப்படியே அடைச்சுக் கெடந்துச்சு. சூடு வெளிய போகலைன்னா ப்ராசசர் தன்னத்தானே காப்பாத்திக்கறதுக்கு வேகத்தக் கொறைச்சுக்கும். அதான் அப்பிடி ஓடியிருக்குது. நம்மூர்ல பாதி மெஷின் இப்படித்தானுங்க வருது. பனியன் கம்பெனியில பஞ்சு பறக்காம இருக்குமா?"

அவர் திண்டைத் திருப்பிக் காட்டினார். அதில் வண்ணங்கள் இருந்தன. அடியில் ரோஸ். அதன் மேல் கொஞ்சம் வெள்ளை. பிறகு சிவப்பு, கிறிஸ்துமஸுக்குப் போன ஆர்டர். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விடத் தடிப்பாக நேவி ப்ளூ. ரோஸ் ஆர்டரை வெட்டியது ஐப்பசியில். லேப்டாப்பைக் கண்ணாடி அறையிலிருந்து தூக்கி கட்டிங் டேபிளில் வைத்த அதே வாரம்.

"சுத்தம் பண்ணி ஓட்டிப் பாத்தேங்க. நீங்களே பாருங்க" என்று மூடி மாட்டி, டாங்கிளைச் செருகி, ஒரு மார்க்கரை ஓட விட்டார். அது அதே நேவி ப்ளூ மார்க்கர். அபிராமி போட்டு வைத்த பெயரோடு இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது நிமிஷத்தில் முடிந்தது.

"பழைய ப்ராசசரேதானுங்க. நல்லாத்தான் இருக்குது. மாத்த வேண்டியதில்லீங்க."

அப்போது நான் சொன்னதுதான் நான் வெட்கப்பட வேண்டிய பெரிய இடம். "எதுக்கும் மாத்தியே போட்டுருங்க" என்றேன்.

சீனிச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தேவையில்லைன்னு சொல்றேன், வேண்டாத செலவு எதுக்குங்க?"

அவருக்கு எப்படிச் சொல்வது? ப்ராசசரை மாற்றிவிட்டால், 'பழைய மெஷின், புதுசு போட்டதும் சரியாப் போச்சு' என்று கம்பெனியில் சொல்லிவிடலாம். மெஷின் பழசானது யார் தப்பும் இல்லை. மாரப்பன் தலையாட்டுவார். பஞ்சு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். லேப்டாப்பைப் பஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்தது யார்? ஃபேன் சத்தம் போடுகிறது என்று சொன்ன பெண்ணைத் திருடி என்றது யார்? அந்தக் கேள்விகள் வராமல் இருக்கத்தான் நான் காசு கொடுத்து ஒரு ப்ராசசர் வாங்கப் பார்த்தேன்.

புது ஆள் வந்து ஸ்லோ என்றதும் அவரை நான் சந்தேகப்படவே இல்லையே என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவருக்கு ஒரு மார்க்கருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எந்தக் கம்பெனிக்குப் போட்டுக் கொடுக்கிறாய் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. அவர் ஆண், நாற்பது வயது, நம் பக்கத்து ஆள். அபிராமி இருபத்து நாலு வயதுப் பெண், பிழைக்க வந்த குடும்பம். என் கோபம் ஆள் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

இது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அவள் போன பத்தாம் நாள் சிவசுப்பிரமணியம் அண்ணன் போன் செய்திருந்தார். அனுப்பர்பாளையத்தில் எங்களைவிட மூன்று மடங்கு பெரிய கம்பெனி அவருடையது. "தம்பி, அபிராமின்னு ஒரு புள்ள வந்துச்சு, உங்கிட்ட இருந்துச்சாமே. எப்படி?" மார்க்கர் ஆளை எங்கள் ஊரில் யாரும் விசாரிக்காமல் சேர்ப்பதில்லை. சர்ட்டிபிகேட்டை எல்லாம் பார்க்க மாட்டார்கள். பழைய முதலாளிக்கு ஒரு போன், அவ்வளவுதான். நான் சொன்னது மூன்றே வார்த்தை. "கொஞ்சம் பாத்து வச்சுக்குங்கண்ணா." அவரும் "சரி சரி" என்று வைத்துவிட்டார். அவருக்கு நல்லது செய்ததாகக்கூட நினைத்துக்கொண்டேன், பாவி.

"வேண்டாங்க, மாத்த வேண்டாம்" என்றேன் சீனிச்சாமியிடம். "அந்தப் பஞ்சை மட்டும் ஒரு கவர்ல போட்டுக் குடுங்க."

அவர் சிரித்தார். "தலகாணி தைக்கறதுக்குங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. பெருமாநல்லூரில் ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் விசாரித்துக்கொண்டே போனேன். மூன்றாவது வீட்டு வாசலில் முத்துப்பேச்சி ஒரு மூட்டை பனியனைக் கொட்டி வைத்துக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகத்தில் மரியாதை இருந்தது, சந்தோஷம் இல்லை.

"வாங்க முதலாளி. ஏட்டி, அபிராமி! ஒன் பழைய முதலாளி வந்திருக்காக."

அபிராமி உள்ளேயிருந்து வந்தாள். அவள் கையிலும் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி இருந்தது. பத்து நிமிஷத்தில் மார்க்கர் போடுகிற பெண் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பனியனுக்கு இத்தனை பைசா என்று கூலி. நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்த பேச்சு மறந்துவிட்டது.

கவரை நீட்டினேன். "லேப்டாப்புக்குள்ள இதுதாம்மா இருந்துச்சு."

வாங்கி, திண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நகத்தால் ஒவ்வொரு வண்ணமாகப் பிரித்தாள்.

"ரோஸ்ல ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

"ஆமாம்மா."

"ப்ராசசர் மாத்திட்டீங்களா சார்?"

"இல்லம்மா. பழசேதான். ஒம்போது நிமிசத்துல ஓடுது. தப்பு எம்மேலதாம்மா. நீ சொன்னப்பவே நாங் கேட்டிருக்கோணும். கேக்காததோட, உன்னைப் போயி அத்தன பேரு முன்னால... மன்னிச்சுக்கம்மா. நாளைக்கே வேலைக்கு வா. கண்ணாடி ரூம்லயே உக்காந்துக்க. எல்லாரையும் கூப்புட்டு வச்சு நான் சொல்லிர்றேன், தப்பு என்னுதுன்னு." பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து, பிரிக்காமல் அப்படியே நீட்டினேன். உள்ளே டாங்கிள் இருந்தது.

அவள் கை நீட்டவில்லை. அம்மாதான் பேசினாள். "முதலாளி, ஒங்க வாயால இப்பம் சொன்னது சந்தோசம். ஆனா எம்மவ அந்தப் பெரிய கம்பெனிக்குப் போனா. மொத நாளு வான்னு சொன்னாக. மறுநா, ஒன் பழைய முதலாளி சரியாச் சொல்லலன்னுட்டாக. சரி, ஒருத்தரு சொன்னாரு, போட்டும்னு இருந்தோம். பெறகு மூணு கம்பெனி ஏறி எறங்கிட்டா. பேரக் கேட்டதும் நாக்காலியக்கூடக் காட்ட மாட்டேங்காக. அவுகளும் ஒங்ககிட்டயா கேட்டாக?"

"இல்லீங்க. வேற யாரும் எனக்குப் போன் பண்ணலீங்களே" என்றேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

"வேலையப் பத்தி அப்புறம் பேசலாம் சார்" என்றாள் அபிராமி. குரல் உயரவில்லை. "அந்தப் பெரிய கம்பெனிக்காரருக்கு ஒரு போன் போடுங்க. இப்ப. ஸ்பீக்கர்ல போடுங்க, அம்மா கேக்கட்டும்."

போட்டேன். மணி அடித்துக்கொண்டிருந்தபோது, எடுக்காமல் இருந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தேன். எடுத்துவிட்டார்.

"சொல்லு தம்பி. ஞாயித்துக்கெழமை அதிசயமா இருக்குது!"

"அண்ணா, பங்குனியில ஒரு புள்ளையப் பத்திக் கேட்டீங்கல்ல, அபிராமின்னு. மார்க்கர் போடறதுக்கு."

"ஆமா, ஆமா. வெளிய மார்க்கர் வித்துருச்சுன்னு சொன்னியே, அந்தப் புள்ளதான?"

முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பிடி நாஞ் சொல்லலீங்கண்ணா" என்றேன் அவசரமாக. "பாத்து வச்சுக்குங்கன்னுதான் சொன்னேன்."

"மார்க்கர் ஆளைப் பாத்து வச்சுக்கன்னா வேற என்னப்பா அர்த்தம்? எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது நியாயம்தான். அந்த அர்த்தத்தில்தான் நானும் சொன்னேன்.

"தப்பாச் சொல்லிட்டனுங்கண்ணா. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லை. லேப்டாப்புக்குள்ள பஞ்சு அடைச்சிருந்துச்சு, அதுனால ஸ்லோவாச்சு. நான் ஆத்திரத்துல பழி போட்டுட்டேன். சுத்தமான புள்ளைங்க. ரெண்டு வருசம் டாங்கிளைக் கண்ணு மாதிரி வச்சிருந்தவ."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அட, இதுக்கா இத்தன பதட்டம்? விடு தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லை. ஆளு போட்டாச்சு. ஆனா பாரு, நீ சொன்னதும் நானும் நம்ம ஆளுக ஏமாந்துரக் கூடாதேன்னு மூணு பேருத்துக்குச் சொல்லி வச்சுட்டேன். அவுங்க யார் யாருகிட்ட சொன்னாங்களோ, தெரியலையே."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். முத்துப்பேச்சி மடியில் கிடந்த பனியனை எடுத்துக் கீழே வைத்தாள். நான் அபிராமியைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

"அண்ணா, அந்த மூணு பேரு நம்பர் குடுங்க" என்றேன்.

"இப்பவேவா?"

"இப்பவேதானுங்க."

என் சட்டைப் பையைத் தடவினேன். பேனா இல்லை. அபிராமி உள்ளே போய் ஒரு பேனா கொண்டுவந்தாள். எழுதத் தாள் இல்லை என்று பஞ்சு இருந்த கவரைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொரு நம்பராகச் சொல்லச் சொல்ல அதன் மேல் எழுதினேன். மூன்று நம்பருக்கும் கீழே நிறைய இடம் மிச்சமிருந்தது.

"ஸ்பீக்கர அணைக்காதீங்க சார்" என்றாள்.

முதல் நம்பரை அழுத்தினேன்.